ராஜா கழற்றி வைத்த தலைப்பாகை

கருவேலங்குளம் பாளையத்தை ஒரு காலத்தில் ரணபூபதி என்று ஒரு ராஜா ஆண்டார். ஆண்டாரா, ஆட்டிப்படைத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்! அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா செத்தால் வருஷம் திரும்பும்வரை அவர் ஆசனத்தில் அவருடைய தலைப்பாகையை வைத்து, தினமும் வெற்றிலை மடித்து வைப்பார்கள். ரணபூபதியின் அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. காற்றே இல்லாத சபையில் அவர் தலைப்பாகையின் குஞ்சம் மட்டும் ஆடும். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். பின்னே, யாரிடம் போய்ச் சொல்வது?

ரணபூபதிக்கு இங்கிலீஷ் படிக்க ஆசை வந்தது. கும்பினி வெள்ளைக்காரர்களின் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி சவரிராயன்தான் வாத்தியார்.

"ஒருவரை மட்டும் சொன்னால் குட், மகாராஜா. இருவரை ஒப்பிட்டால் பெட்டர். எல்லாரிலும் ஒசத்தி என்றால் பெஸ்ட்."

பாளையத்துக் காரியங்களைப் பார்க்கும் தானாபதி நல்லகுட்டிக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த பயல் ராஜா பக்கத்தில் உட்காருகிறானே!

"பாடத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா மகாராஜா? தாங்களும் பெரிய மகாராஜாவும், இருவரில் யார் பெட்டர்? துபாஷியே சொல்லட்டும்."

சபை விறைத்துப் போனது. மகன் என்றால் செத்தவருக்கு அவமானம், அப்பா என்றால் இருப்பவருக்கு அவமானம்.

"சொல்லு," என்றார் ராஜா. "தப்பாகச் சொன்னால் உனக்கு நாக்கு இருக்காது."

சவரிராயன் பெரியவரின் ஆசனத்தைக் காட்டினான். "ஒப்பிடுவதென்றால் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மகாராஜா. பெரியவர் அங்கே தலைப்பாகையாக இருக்கிறார். தாங்களும்..."

"அவ்வளவுதானே!" ராஜா தன் தலைப்பாகையைக் கழற்றி நீட்டினார். சவரிராயன் இன்னொரு ஆசனத்தைப் பக்கத்தில் போட்டு, அதில் வைத்தான்.

வெற்றிலை மடிக்கும் காத்தான், பாவம், பழக்க தோஷத்தில் அதன் முன்னாலும் ஒன்று மடித்து வைத்துக் கும்பிட்டான். இரண்டு குஞ்சங்களும் சேர்ந்து ஆடின.

"அடேய்! நான் இங்கே இருக்கிறேனடா!" என்று அலறினார் ராஜா. காத்தான் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பெரியவர் வாழ்ந்து முடித்துவிட்டார்." சவரிராயன் இரண்டு ஆசனங்களையும் காட்டினான். "தாங்களும் முடித்துவிட்டதாகச் சொல்லுங்கள். யார் பெட்டர் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்."

"வேண்டாம்! வாயைத் திறக்காதே!" ராஜா ஓடிப்போய்த் தன் தலைப்பாகையைத் தூக்கினார். இப்போதுதான் கழற்றியது, உள்ளே கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டார். பயந்துதான் போனார், அதில் என்ன ஒளிவு மறைவு?

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சவரிராயனுக்குப் போர்த்தினார். "என் உயிரின் அருமையை எனக்குக் காட்டிவிட்டாய். இனி நீதான் எனக்கு மந்திரி." பிறகு தானாபதியைப் பார்த்தார். "நல்லகுட்டி, இந்தத் தலைப்பாகை மேல் உனக்கு ரொம்ப நாளாக ஒரு கண் என்று எனக்குத் தெரியும். வா, எடுத்துக் கட்டிக்கொள்."

நல்லகுட்டி கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தான். வாசலைத் தாண்டும்வரை அந்த ஆசனங்களுக்கு அவன் முதுகைக் காட்டவில்லை.