பம்பருக்குப் பின்பக்கம்

மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு டிங்கரிங் பட்டறை. அங்கே மேஸ்திரி ஒரு பெண். பெயர் துளசிமணி. அப்பாவிடம் கற்ற வேலை. எப்படி நசுங்கி வந்த வண்டியும் அவள் கைபட்டால் பழைய முகத்துக்கு வந்துவிடும்.

அவளுக்குச் சிஷ்யர் ஒருவர் இருந்தார். சென்னியப்பன். சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவர். அவளுக்கு அப்பா வயசு இருக்கும். லோடு கிடைக்காத நாளில் பட்டறைக்கு வந்து வேலை கற்றுக்கொள்வார்.

எதிர் டீக்கடை ரங்கசாமி அவரைக் கேலி செய்வார்.

"ஏப்பா, கைப்புள்ளக்காரிகிட்டப் போயிப் பாடம் படிக்கறியே, உன்ற மீசைக்கு வெக்கமா இல்லையா?"

"மீசைக்கு வேலை தெரியாதப்பா. அம்மிணிக்குத் தெரியும்" என்பார் சென்னியப்பன்.

எப்போதும் பட்டறை வாசலுக்கு வந்ததும் ஆரன் அடிப்பார். அன்று காலை அடிக்கவில்லை. வண்டியின் முகம் பட்டறைக்குள் இருக்கும்படி நெருக்கி நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கியதும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

துளசிமணி குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்ணா, வண்டி முன்னாடி நசுங்கிருக்குது?"

"கல்லுல இடிச்சுட்டேன் அம்மிணி. பம்பர் உள்ள போயிருச்சு. சீக்கிரம் எடுத்துக் குடு."

"லோடு இறக்கியாச்சுங்களா?"

"அதெல்லாம் அப்பறம். முதல்ல இது."

பம்பரின் நடுவில் பெரிய பள்ளம். மஞ்சள் பெயிண்டில் அவர் மகள் பேரை எழுதியிருந்தார். அதில் நடு எழுத்து இரண்டும் உள்ளே போயிருந்தது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு அறுந்து தொங்கியது.

"வண்டிக்குக் கண்ணு பட்டுருச்சு அம்மிணி."

"யாரு கண்ணுங்ணா?"

சென்னியப்பன் ஸ்பானரைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பேருமாகப் பம்பரை இறக்கிச் சாக்கின் மேல் வைத்தார்கள். வைத்த உடனே அவர் சுத்தியலை எடுத்து ஓங்கினார்.

"திருப்பிப் போடலீங்களா?"

"பள்ளம் இந்தப் பக்கந்தான இருக்குது?"

"இந்தப் பக்கம் அடிச்சா இன்னும் உள்ளதான் போகும். முன்னாடி பட்ட அடியைப் பின்னாடி போயித்தான் எடுக்கோணும்."

முதல் நாளே அவள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அவருக்கு மறந்து போயிருந்தது.

திருப்புவதற்கு முன்னால் அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். பள்ளத்தின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது. அவர் சட்டென்று கையை நீட்டித் தேய்த்துவிட்டார். அதற்குக் கீழே வெள்ளையாக ஏதோ வழிந்து, காய்ந்தும் காயாமலும் பிசுபிசுவென்று இருந்தது.

"இதென்னங்ணா?"

"பள்ளத்துக்குப் பூசற பட்டியா இருக்கும்."

"நான் இன்னும் பட்டி டப்பாவையே தொறக்கலீங்களே."

அவள் ஒரு விரலால் தொட்டு மூக்குக்கிட்டக் கொண்டு போனாள். அப்புறம் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் முந்தானையிலும் எந்நேரமும் அதே வாசனைதான்.

"புடிங்க. திருப்புவோம்" என்றாள்.

முகம் சாக்கில் பட, பம்பர் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்தில் துருவும் சேறும்தான். அவள் தட்டினாள். அவரும் தட்டினார். இரண்டு தட்டுக்கு ஒருமுறை அவர் கண் ரோட்டுக்குப் போய் வந்தது.

அந்த நேரம் டீக்கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. காட்டிலாகா ஜீப். இளவயசு கார்டு ஒருவன் இறங்கி நேரே பட்டறைக்கு வந்தான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஏனுங்க்கா, காலையில ஏதாச்சும் வண்டி அடிபட்டு வந்துச்சுங்களா?"

"ஒண்ணு வந்துருக்குது. வண்டிக்காரரு இவருதான். கேட்டுக்கங்க."

சென்னியப்பன் தலை நிமிரவில்லை.

"கல்லுல இடிச்சுட்டனுங்க தம்பி."

கார்டு குனிந்து பம்பரைப் பார்த்தான். துருவைப் பார்த்தான். நிமிர்ந்துகொண்டான்.

"மேல, கோயில் வளைவுக்கிட்ட எவனோ ஒரு மானை அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டானுங்க. கிடைச்சான்னா கேசு எழுதி வண்டியைக் கொண்டு போயி நிறுத்திருவோம். கேசு கெடக்குதுங்க. இப்ப அதில்ல கஷ்டம்."

"வேறென்ன?" என்றாள் துளசிமணி.

"பொட்டை மானுங்க்கா. மடி நெறையப் பால். குட்டியை எங்கியோ படுக்க வெச்சுட்டு வந்துருக்குது. அடிபட்டு இழுத்துக்கிட்டே போயிப் பள்ளத்துல உழுந்து செத்துருச்சு. எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு தெரியல. ரெண்டு பக்கமும் காடு. விடிஞ்சதுல இருந்து தேடறோம்."

"கத்தாதா?"

"அதானுங்களே. தாய் வர்ற வரைக்கும் மூச்சுக் காட்டாமப் படுத்துக் கெடக்கும். பக்கத்துலயே நின்னாலும் தெரியாது. செந்நாய் வேற சுத்துது. எந்தப் பக்கம்னு ஒருத்தன் சொன்னாப் போதும், ஓடிப் போயித் தூக்கிருவோம்."

சொல்லிவிட்டு அவன் டீக்கடைக்குப் போனான். "ஒரு டீ போடுங்ணா, குடிச்சுட்டு மேல ஓடோணும்" என்பது இங்கே வரை கேட்டது.

சென்னியப்பன் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டார்.

"மெதுவாங்ணா. கிழிஞ்சுரும்."

"சீக்கிரம் அம்மிணி. ஜீப்பு போனதும் மாட்டிட்டு நான் கெளம்பிர்றேன்."

அவள் தட்டினாள். பள்ளம் பாதிக்கு மேல் எழும்பி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது. துளசிமணி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அம்மிணி, இப்பவா?"

"பசிக்குதுங்ணா."

"இன்னும் கொஞ்ச வேலைதான. அதுவரைக்கும் அழுதாத்தான் என்ன, செத்தா போயிரும்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் கோபப்படவில்லை. கையைக் கழுவினாள். குழந்தையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"போகாதுங்ணா. நான் இங்கதான இருக்கறேன்."

குழந்தையின் அழுகை நின்றது. குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சென்னியப்பன் சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார். தட்ட வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். தட்டவில்லை.

டீக்கடையில் ரங்கசாமி யாரையோ கேலி பண்ணிச் சிரிப்பது கேட்டது. ஜீப் டிரைவர் ஆரனை ஒருமுறை அழுத்தினான்.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"அது லைட்டுல என்னையப் பார்த்துச்சு. ஒரு தடவை. பிரேக்கு புடிச்சேன். புடிக்காமயெல்லாம் இல்ல."

"சரிங்ணா."

"எறங்கலாம்னுதான் நெனச்சேன். பின்னால ஒரு வண்டி லைட்டு தெரிஞ்சுது. பயந்துட்டேன்."

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டிதான் எனக்குச் சோறு. கொண்டு போயி நிறுத்துனானுங்கன்னா துருப்புடிச்சுத்தான் திரும்பி வரும். உனக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்ணா. அப்படி வந்த வண்டிக நானே பார்த்துருக்கறேன்."

"நீ என்னையக் காட்டிக் குடுத்துருவியா?"

"நான் என்னத்தங்ணா காட்டறது? எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதே."

ஜீப் டிரைவர் மறுபடியும் ஆரன் அடித்தான். கார்டு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். சென்னியப்பன் அவனைப் பார்த்தார். குப்புறக் கிடந்த பம்பரைப் பார்த்தார்.

"நீ மேஸ்திரி. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நான் போயிச் சொன்னா வண்டி போயிரும். சொல்லாம உட்டா?"

துளசிமணி திரும்பவில்லை. குழந்தையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லாம உட்டா பம்பர் மட்டும் நேராயிரும்ங்ணா."

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

சுத்தியல் சாக்கின் மேல் விழுந்தது. சென்னியப்பன் ஓடினார். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றுகொண்டது. அதை எடுக்க நிற்கவில்லை. ரோட்டு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

ஜீப் உலுக்கி நின்றது. கார்டு தலையை நீட்டினான்.

"என்னங்க பெரியவரே, சாகறதுக்கா?"

"மேல ஏறும்போது வலது பக்கமுங்க" என்றார். மூச்சு வாங்கியது. "மூங்கில் புதரு ஒண்ணு இருக்குது, சாஞ்ச மாதிரி. அதுக்குள்ள இருந்துதான் தாவுச்சு."

கார்டு அவர் முகத்தையே பார்த்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சென்னியப்பன் ஜீப்பின் பின்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார்.