கை நனைக்காத கல்

சத்தியமாகச் சொல்கிறேன், சூடம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் என் இரண்டு காதும் கத்திரிக்காயாகக் காய்த்துத் தொங்கட்டும். அத்தனையும் நடந்தது.

கல்லுக்கு நாக்கும் வயலுக்குக் காலும் இருந்த காலத்தில் ஒரு குளம் இருந்தது. நிறைந்தால் பன்னிரண்டு அடி. தண்ணீர் எல்லாருக்கும் பொது. திறந்துவிடுவது மதகு, கொண்டுபோய்ச் சேர்ப்பது வாய்க்கால். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், எல்லா வயலுக்கும் கடைசியாகக் கிடந்தது கடைமடை.

அந்தத் தை மாதம் கடைமடையின் நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் அரிசி. பாயாவிட்டால் பதர். இருபது நாளாக அதன் பக்கம் வாய்க்காலில் ஈரம்கூட வரவில்லை. ஆனால் வழியில் இருந்த தென்னந்தோப்பில் ஒவ்வொரு தேங்காயும் உரல் பருமன். ஒன்றைப் பறிக்க மூன்று பேர் ஏறினார்கள். அந்தத் தோப்பு மதகுக்கு மச்சான் முறை.

கடைமடை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. ஒருநாள் வரப்பைச் சேலைக் கொசுவம் மாதிரி தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லோடு நடந்தே குளத்தங்கரைக்கு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, பன்னிரண்டு அடித் தண்ணி எங்கே போச்சு?”

“என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்டே! வெயில் குடிச்சிருக்கும்” என்றது மதகு.

“இந்த வருசம் வெயிலு கொஞ்சம் தாகமாத்தான் இருந்துச்சு” என்று ஒத்து ஊதியது வாய்க்கால்.

குளத்துக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கல் நின்றது. உடம்பெல்லாம் அடிக்கு ஒரு கோடு வெட்டிய அளவுக்கல். நட்ட நாளிலிருந்து அதற்கு வேலை ஒன்றுதான், நிற்பதும் பார்ப்பதும்.

“வெயில் குடிச்சது ஒரு அடி” என்றது கல். “மேல்வயலுக்குப் போனது ஒரு அடி. தோப்புக்குப் போனது மூணு. மிச்சம் ஏழு இருக்கு.”

கரையெல்லாம் தவளைக் கூட்டம். ஒரு தவளை கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. கூச்சல் கிளம்பிவிட்டது.

மதகு தொண்டையைச் செருமியது. “ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? குளம் பூராவுக்கும் ஒரு தணிக்கை அதிகாரியைப் போட்டுருவோம். யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு அவர் பார்க்கட்டும். எப்படிப்பட்ட ஆளு வேணும், நீயே சொல்லு தங்கச்சி.”

கடைமடைக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. கல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னது: “படிச்சவரு வேண்டாம், பெரிய இடத்து ஆளு வேண்டாம். கை நனைக்காத ஆளாப் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி. அது போதும்.”

“அடடா, என்ன வார்த்தை! வாய்க்கா, அப்படியே எழுதிக்கோ. சட்டம். கை நனைக்காதவர்.”

“அப்போ அளவுக்கல் அண்ணனையே போட்டுருங்க.”

“அவரையா? கழுத்துவரைக்கும் தண்ணியில நிக்காரே!”

“நிக்காரு. ஒரு சொட்டு குடிச்சிருக்காரா?”

“குடிச்சாருன்னு நான் சொன்னேனா? நனைஞ்சிருக்காரு. நீதானே கேட்டே?”

“ஐயோ, நான் சொன்ன நனைக்கிறது வேற அண்ணாச்சி, பங்கு திங்கிறது.”

“சட்டத்துல ரெண்டு நனைக்கிறது கிடையாது தங்கச்சி.”

தவளைகள் கைதட்டின. கைதட்ட அவற்றுக்குக் காரணமா வேண்டும்? மதகு குரலில் வெல்லம் சேர்த்தது. “ஆனா ஒண்ணு, இவ்வளவு நல்ல கல்லை நாம விடக்கூடாது. வெளியே தூக்கி, நல்லாத் துடைச்சு, உயர்ந்த இடத்துல வைப்போம். பதவின்னா உயரம் வேண்டாமா?”

“என்னைத் தூக்காதீங்க” என்றது கல். “தண்ணியில நின்னாத்தான் எனக்கு அளவு தெரியும்.”

“பார்த்தீங்களா அடக்கத்தை!” என்றது வாய்க்கால்.

இரண்டு எருமைகளைப் பூட்டிக் கல்லை இழுத்தார்கள். கரை உச்சியில் நட்டார்கள். மாலை போட்டார்கள். மழைகூட நனைத்துவிடாதபடி மேலே கூரையும் போட்டார்கள். கடைமடை அண்ணாந்து பார்த்தது. கல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. “நீ கேட்டதுதானே தாயி” என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

சரி, அதிகாரியாவது வந்தாரே என்று கடைமடை நடந்தே ஊருக்குத் திரும்பியது. காத்திருந்தது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்தே கூவியது: “கல்லண்ணே, குளத்துல தண்ணி எவ்வளவு கிடக்கு?”

“என் காலடியில காஞ்ச மண்ணு கிடக்கு தாயி. என் கோட்டைத் தொட்டதைத்தான் நான் எழுத முடியும்.”

ஏழடி நாலாயிற்று. நாலு ஒன்றாயிற்று. அதை அளக்கக் குளத்துக்குள் யாரும் இல்லை. தோப்பில் தேங்காய் பறிக்க இப்போது ஐந்து பேர் ஏறினார்கள். கடைமடையில் பால் பிடித்த கதிர் பதராகி, காற்றடித்தால் சலசலவென்று சிரித்தது. பிறகு அதுவும் உதிர்ந்தது. மண் வெடித்தது. வெடிப்புக்குள் விழுந்த குருவி ஒன்று மறுபக்கம் அமெரிக்காவில் போய் வெளியேறியது. நம்பாவிட்டால் குருவியைக் கேளுங்கள்.

ஆண்டு முடிவில், பாளம் பாளமாக வெடித்த குளத்தின் நடுவே கூட்டம் போட்டு, அதிகாரியின் அறிக்கையை மதகே வாசித்தது. ஒரே ஒரு வரி.

‘இந்தக் குளத்தில் இன்றைய தேதியில் கை நனைத்தவர் ஒருவரும் இல்லை.’

கல் அதில் ஒரு பொய்யும் எழுதவில்லை.

ஐயா, இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தத் தோப்பு இளநீரில் இரண்டு நானும் குடித்திருக்கிறேன்.