கப்புக்குப் பின்னாடி இருந்த மூஞ்சி

நம்பலன்னா போ ஸ்டெல்லா. கோல் போடாத ஃபார்வர்ட எதுக்கு வச்சுக்கணும்னு நீ கேக்குற. கிளமென்ட்டையும் அப்படிச் சொல்லித்தான் இந்தியா டீம்ல இருந்து அனுப்பிவிட்டாங்க.

அவன் நேரா எட்வின் மாஸ்டர்கிட்ட வந்தான். சின்ன வயசுல அவனுக்கு ஆடக் கத்துக்குடுத்தவரு. நான் அப்ப கிளப் ரூம்லதான் இருந்தேன், மாஸ்டருக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பொண்டாட்டி போனதுல இருந்து அந்த மனுசன் வாய்க்கு எதுவும் பிடிக்கல. மோர்மிளகா மட்டும் கேப்பாரு. அந்த மோர்மிளகா கத கிடக்கட்டும்.

"மாஸ்டர், நான் ஓடுனா ரெண்டு டிஃபென்டர் என் பின்னாடி வரான். அந்தக் காலி எடத்துல இன்னொருத்தன் பூந்து கோல் அடிக்கிறான். பேப்பர்ல அவன் போட்டோ. என் பேருக்கு நேரா சைபர்."

மாஸ்டர் கஞ்சியக் குடிச்சாரு.

"எதிராளிகிட்ட பந்து போனா மொத ஆளா விரட்டுறது நான். ஒத வாங்கி ஃப்ரீகிக் எடுத்துக் குடுக்குறது நான். எவன் கண்ணுக்கும் தெரியல. டில்லில கமிட்டிக்காரங்க நீங்க சொன்னா கேப்பாங்க மாஸ்டர். ஒரு போன் போடுங்க. இந்த வயசுல விட்டா இனி என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"போடுறேன்."

எந்திரிச்சு, சுவத்துல மாட்டியிருந்த போட்டோவக் கழட்டுனாரு. ஜூனியர் ஃபைனல் ஜெயிச்ச அன்னிக்கு எடுத்தது.

கோல் போட்டவனத் தோள்ல தூக்கித் தெருத்தெருவா சுத்துறது நம்ம ஏரியா வழக்கம்தானே. ஒருவாட்டி பீட்டர் மவன அப்படித் தூக்குனப்ப கேபிள் ஒயரு கழுத்துல மாட்டி, தெரு பூரா டிவி போச்சு. சீரியல் போச்சேன்னு கப்பு ஜெயிச்சவனையே வெளக்கமாத்தோட தொரத்துனாளுங்க. சரி, வுடு.

போட்டோவுல கிளமென்ட் மேல உக்காந்திருக்கான், மடியில கப்பு. அந்தக் கப்பு மறைச்சதுல கீழ தூக்குனவன் மூஞ்சி தெரியல. ரெண்டு தோளு மட்டும் தெரியுது.

"அன்னிக்கு உன்ன மறிக்க வேண்டிய ரெண்டு பேரும் எங்க போனானுங்க?"

கிளமென்ட் யோசிச்சான். "லெஃப்ட்ல ஒருத்தன் ஓடுனான் மாஸ்டர். அவன் பின்னாடி போயிட்டானுங்க."

"உன்னத் தூக்குனவனும் அவன்தான்."

மாஸ்டர் போன எடுத்து மேசைமேல வச்சாரு.

"அவன் பேரச் சொல்லு. டில்லிக்குப் போடுறேன்."

"நாங்க லெஃப்ட்டு, லெஃப்ட்டுன்னுதான் கூப்பிடுவோம்..."

"பேரு."

மிச்சக் கஞ்சி ஆறிப்போச்சு. அவன் போட்டோவ வெளிச்சத்துல காட்டிப் பாத்தான். திருப்பிப் பின்பக்கம் கூடப் பாத்தான். மாஸ்டர் மோர்மிளகாயக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

கடைசில போட்டோவ அவனே ஆணியில மாட்டிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டான். என்னைப் பாத்து, "வரேம்மா"ன்னான்.

என்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

அந்த ஃபைனல் அன்னிக்குத் தோள் வீங்கி வந்தவனுக்கு ஒத்தடம் குடுத்தது பெத்தவ நான்தானே. கப்பு எங்கடான்னு கேட்டேன். அது கிளமென்ட் வீட்டுக்குப் போயிடுச்சும்மான்னு சொல்லிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

தூறுது பாரு. ஏய் சகாயம்! கொடியில கிடக்குற துணிய உள்ள எடுத்தாடா!