பக்கத்து இருக்கையில் ஆந்தை

காட்டுப்பன்றி ஒன்று நானூறு குதிரைசக்தி கொண்ட கார் ஒன்றை வாங்கியது. மூங்கில் காட்டில் அதற்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கண்மண் தெரியாமல் ஓடும் அதன் பக்கத்தில் யார்தான் நடப்பார்கள்? 'கார் இருந்தால் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள்' என்று பாவம், அது மனக்கோட்டை கட்டியது.

ஆனால் அந்தக் காட்டில் சின்ன வண்டிக்கு ஒரு லைசென்ஸ், வேக வண்டிக்கு வேறொரு லைசென்ஸ். வேக வண்டிக்கான தேர்வு விசித்திரமானது. குளத்தைச் சுற்றி வருவதற்குள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அயர்ந்து தூங்கிவிட வேண்டும்! பயம் இருந்தால் தூக்கம் வருமா?

முதல் முறை முள்ளம்பன்றி கூட வந்தது. வண்டி கிளம்பியதுமே அதன் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "ஐயோ, நிறுத்து! நிறுத்து!"

பின்னால் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் உடும்பு உதட்டைப் பிதுக்கியது. "திருப்பத்துல பிரேக்கே போடலையே நீ! ஒரு மாசம் பயிற்சிக்கு வா. லைசென்ஸ் இல்லாம யாரையும் ஏத்தக் கூடாது."

"இன்னும் ஒரு மாசம் தனியாவா?" பன்றி குளம்பால் தரையைக் கீறியது.

பொறுமை எங்கே இருக்கிறது அதற்கு? பயிற்சிக்குப் போகாமல், மறுநாளே உச்சி வெயிலில் மறுதேர்வுக்கு ஆந்தையை இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தது. வண்டி மேட்டில் ஏறிக் குதித்தது, பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஆந்தையோ குறட்டை விட்டது! உடும்புக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே? முணுமுணுத்துக்கொண்டே லைசென்ஸைக் கொடுத்தது.

பன்றி நேரே முயலிடம் ஓடியது. "லைசென்ஸ் வாங்கிட்டேன், வந்து ஏறு!"

"பக்கத்துல தூங்கினது யாரு?" என்று முயல் கேட்டது.

"ஆந்தை."

"பகல்லயா?" முயல் புதருக்குள் நுழைந்துகொண்டது.

மானும் அதையேதான் கேட்டது. மந்தியும் அதையேதான் கேட்டது. இரண்டும் நழுவிவிட்டன.

பொழுது சாய்ந்தது. பன்றி ஆந்தையின் மரத்தடியில் போய் நின்றது. "நீயாவது வாயேன். மெதுவா ஓட்டுறேன்." என்று கெஞ்சியது.

ஆந்தை கண்ணை உருட்டியது. "பகல்ல என்னை எங்க உக்கார வச்சாலும் தூங்குவேம்ப்பா. இப்ப முழிச்சிருக்கேன். முழிச்சுக்கிட்டே உன் வண்டியில ஏற எனக்கென்ன பைத்தியமா?"

பன்றி தனியாக வண்டியைக் கிளப்பியது. போவதற்கு ஓர் இடமும் இல்லை. குளத்தையே சுற்றிச் சுற்றி வந்து அழுதது.

லைசென்ஸைக் குறுக்கு வழியில் வாங்கிவிடலாம். கூட வருபவரின் நம்பிக்கையை அப்படி வாங்க முடியாது.