மொட்டையநேரியில் ஒரு நாளைக்கு எத்தனை தேடல்?

அறிவு விஷயத்தில் மொட்டையநேரிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தால்தானே குறை சொல்வதற்கு! நான் பக்கத்து ஊர் நடுவநேரிக்காரன். எங்களுக்கு வந்திருக்க வேண்டிய செல்போன் டவர் அவர்களுக்குப் போன வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பீர்கள். வயிற்றெரிச்சல் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

அப்போது ரெண்டு ஊரிலும் சிக்னல் கிடையாது. மொட்டையநேரியில் தண்ணீர் டேங்க் உச்சியில் மட்டும் லேசாகக் கிடைக்கும். ஊர்த்தலைவர் மாசானம் முட்டிவலியோடு தினமும் சாயங்காலம் அந்த இரும்பு ஏணியில் ஏறுவார். ஒரே மகள் உலகம்மை மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுக்கு அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தால் பேரன் தெரிவான். ஒரு நாள் மூக்கு தெரியும், ஒரு நாள் காது தெரியும். முழு முகத்தையும் சேர்த்து ஒரு தடவைகூட மனுஷர் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே டவர்தான் என்றார்.

"மழை வருமா, பஸ் எப்போ என்று போனில் தேடுகிறீர்களே, அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கிட்டு அனுப்புங்கள். ஆயிரத்துக்கு மேல் போகிற ஊருக்கு டவர்."

"எல்லாரையும் எண்ணணுமா சார்?" என்று மாசானம் கேட்டார்.

"வேண்டாம். பத்துப் பேரை எடுத்து ஒரு நாள் கவனியுங்கள். சராசரியை ஊர் ஜனத்தொகையால் பெருக்குங்கள். ஒன்று மட்டும் முக்கியம், நீங்கள் எண்ணுவதை அவர்கள் பார்க்கக் கூடாது. பார்த்தால் இயல்பாக இருக்க மாட்டார்கள்."

நாங்கள் யோக்கியமாக எண்ணினோம். அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதையே எழுதி அனுப்பினோம், வேறென்ன செய்ய!

மொட்டையநேரியில் மாசானம், வெயிலுமுத்து, சங்கிலி என்று மூன்று பேர் கமிட்டி. பத்துப் பேரைப் பிடித்து வந்தார்கள். பார்க்கக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார் அல்லவா? பத்துப் பேர் கண்ணையும் துண்டால் கட்டி உட்கார வைத்தார்கள். பொழுது சாய்கிற வரை ஒருத்தரும் ஒரு தேடல்கூடத் தேடவில்லை.

"நம்ம ஊருல எவனுக்கும் எதையும் தெரிஞ்சிக்கிடணும்னு ஆசையே இல்லையேவே!" என்று மாசானம் தலையில் கை வைத்தார்.

மறுநாள் கட்டை அவிழ்த்துவிட்டு, கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு கோணிச்சாக்குக்குள் புகுந்து, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுக்கொண்டு, பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, சாக்குக்குள்ள இருக்கீரு?" என்று ஒருத்தன் கேட்டான்.

"அண்ணாச்சி இங்க இல்ல. இது வெறும் சாக்கு" என்றார் வெயிலுமுத்து உள்ளேயிருந்து. அவனும் சரியென்று தலையாட்டிவிட்டு, ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்கலாம் என்று போனில் தேடினான். போன் திரையில் வளையம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஆடு தானாகத் தேறி மேயப் போய்விட்டது.

"ஒண்ணு" என்று சங்கிலி ஒரு புளியங்கொட்டையைப் பானையில் போட்டான்.

"ஏலே, நில்லு" என்றார் வெயிலுமுத்து. "நீ காணாமப் போன மாட்டைத் தேடி ஊரை ஒரு சுத்து சுத்துறே. கிடைக்கல. மறுபடி ஒரு சுத்து சுத்துறே. எத்தனை தடவை தேடியிருக்கே?"

"ரெண்டு தடவை."

"அப்ப இது எத்தனை சுத்து சுத்திருக்கு?"

சங்கிலி கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளினான். மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மூளையை ஊரில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் டேங்க் ஏறினோம் என்று வெயிலுமுத்துவைச் சாக்கோடு கட்டிக்கொண்டார்.

ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. சாயங்காலம் பானையில் மூவாயிரத்து நானூறு இருந்தது. ஆளுக்கு முன்னூற்று நாற்பது. ஊர் ஜனம் நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்து எண்பது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பாவம், கைதவறி ரெண்டு எண் கூடிவிட்டது போல என்று கடைசி ரெண்டையும் அடித்தார். ஆயிரத்து நானூறு. டவர் போய்விட்டது ஐயா, மொட்டையநேரிக்குப் போயே போய்விட்டது!

"ஆறு மாசம் கழித்து இதே மாதிரி எண்ணி அனுப்புங்கள். ஆயிரத்துக்குக் கீழே போனால் டவரைக் கழற்றிவிடுவோம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அந்த ஆறு மாசமும் மாசானத்துக்குப் பொற்காலம். வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே பேரனைப் பார்த்தார். மூக்கும் காதும் ஒரே நேரத்தில் தெரிந்த அன்று சந்தோஷத்தில் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

ஆறு மாசம் முடிந்தது. அதே சாக்கு, அதே பானை, அதே பத்துப் பேர். பஸ் எப்போ என்று ஒருத்தன் கேட்டான். விரலை எடுக்குமுன் பதில் வந்து நின்றது. வளையம் சுற்றவே இல்லை. சாயங்காலம் பானையில் ஒரு கொட்டைகூட இல்லை.

"தேடாமலேல்லா சொல்லுது!" என்றான் சங்கிலி.

"தேடல் பூஜ்யம். டவரைக் கழட்டிருவான்" என்றார் வெயிலுமுத்து.

மாசானம் அழுதேவிட்டார். "பேரனுக்கு ரெண்டு பல்லு முளைச்சிருக்குவே. தாத்தான்னு கூப்பிடப் போற நேரம். இனிமே அந்த ஏணியில ஏற என் முட்டிக்குத் தெம்பில்லவே."

மறுநாள் ஊரே போனும் கையுமாகக் கிளம்பி, சிக்னல் இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று வயல், தோப்பு, கோயில் எல்லாம் அலைந்தது. பாழாய்ப்போன டவர், எங்கே போனாலும் சிக்னல்! கடைசியில் ஊர்க்கோடியில் அறுபதடி ஆழமுள்ள வறண்ட கிணற்றுக்குள் இறங்கினார்கள். ஆகா! அடியில் போய்த் தேடியதும் வளையம் சுற்றியது பாருங்கள், செக்கு மாதிரி சுற்றியது. கிணற்றுக்குள் ஒரே கைத்தட்டல். அந்தச் சுற்றை எண்ணித்தான் கணக்கு அனுப்பினார்கள்.

அதோடு விட்டார்களா? கம்பெனிக்காரன் என்றைக்கு வந்து சோதிப்பானோ என்ற பயத்தில், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை ஊரே இப்போது கிணற்றுக்குள்தான் இருக்கிறது. மாசானம் தலைவராயிற்றே, அவர் வெளியே வரலாமா? அங்கேயே சாக்குக்குள் உட்கார்ந்து எண்ணுகிறார். சாயங்காலம் உலகம்மை கூப்பிட்டால் போன் கிடைப்பதில்லை.

போன வாரம் கமிட்டி கூடி ஒரு மனு எழுதியது: "ஐயா, தாங்கள் போட்டுக் கொடுத்த டவர் மிகவும் நன்றாக வேலை செய்கிறது. அதைக் காப்பாற்ற நாங்கள் குடியிருக்கும் கிணற்றுக்குள் மட்டும் சிக்னல் சுத்தமாக இல்லை. தலைவர் பேரன் முகம் பார்த்துப் பல நாளாகிறது. ஆகவே கிணற்றுக்குள்ளும் ஒரு டவர் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

மனுவைக் கிணற்றுக்குள்ளிருந்தே போனில் அனுப்பினார்கள். இன்னும் போய்ச் சேரவில்லை, வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன். பதினோராயிரம் புளியங்கொட்டை போட்டாயிற்றாம், இன்னொரு பானை வேண்டும் என்று கேட்டார்கள்.