பர்மா உளுந்து

“உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது. ஆகவே அப்பளமும் பர்மா அப்பளம்தான்,” என்று சொல்லி ஏற்றுமதி ஆலோசகர் சத்தியசீலன் ஃபைலை மூடினார்.

இந்திய அப்பளம் என்று சான்றிதழ் கிடைத்தால்தான் புது வர்த்தக ஒப்பந்தத்தில் வரி இல்லை. வரி போட்டால் வாங்குகிற துபாய்க்காரர் என் சரக்கைத் தொடமாட்டார்.

நான் தலையாட்டினேன். அவர் பேச்சு புரியாதபோதெல்லாம் தலையாட்டியதில் காலையிலிருந்தே எனக்குக் கழுத்து வலி.

என் பட்டறையில் அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்தாள்.

“சார், மாதிரி பொரிக்க எண்ணெய் காயுது. ஒரு பிடி உளுந்த அள்ளிப் போடவா?”

“எதற்கு?”

“அப்பளமாப் பொரிஞ்சு வந்தா அது பர்மா அப்பளம். வரலேன்னா, மிச்ச வேலைய மதுரையில நாங்க பாத்திருக்கோம்னு அர்த்தம்.”

சத்தியசீலன் மறுபடி ஃபைலைத் திறந்து நெடுநேரம் புரட்டினார். மூலப்பொருள் வேறு பொருளாக மாறினால், மாற்றிய நாட்டின் பெயரையே போடலாம் என்று அதில் இருந்தது.

“இதைத்தான் சொல்ல வந்தேன்,” என்று படிவத்தில் ‘இந்தியா’ என்று எழுதினார்.

நானும் அதையேதான் சொல்ல வந்ததாகச் சொன்னேன்.

வாசலில் வெயில் ஏறிவிட்டது. வேலுத்தாய் எழுந்துபோய், அப்பளம் விரிசல் விடுமுன் அது காயும் துணியை நிழலுக்கு இழுக்க ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன்.