வெயிலுமுத்துவோட முன்பல்லு ரெண்டு

எங்க பெரியத்தை ஒண்ணு சொல்லுவாங்க. "விளையாடப் போறவன் மூஞ்சியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா போறான்? அதனால..."ன்னு ஆரம்பிப்பாங்க. மிச்சம் எனக்கு மறந்துபோச்சு. போகட்டும், நீ இப்படித் திரும்பிப் படு. ம் கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு சோடிப் பல்லு இருந்துச்சாம். முன்பல்லு ரெண்டு. உரிச்ச பூண்டு மாதிரி பளீர்னு இருக்குமாம். அந்தப் பல்லைச் சுமந்துகிட்டுத் திரியறதுக்குன்னே ஒரு ஆளும் இருந்தான். பேரு வெயிலுமுத்து.

கோவில்பட்டிப் பக்கம், கரிசக்காட்டு ஊரு. அங்க நடக்கப் பழகுற பிள்ளை கையில ஹாக்கி மட்டையைத்தான் குடுப்பாங்க. வெயிலுமுத்து அந்த ஊரு டீமுக்குக் கேப்டன். ஆட்டத்தைவிடச் சிரிப்புக்குத்தான் பேர்போனவன். எந்த வீட்டு பிளக்ஸ் பேனர்லயும் அவன் பல்லு இருக்கும். காதுகுத்துக்குச் சிரிப்பான், கல்யாணத்துக்குச் சிரிப்பான், கண்ணீர் அஞ்சலி பேனர்லயும் ஈன்னு சிரிச்சுகிட்டு நிப்பான். செத்தவரோட சம்சாரம் ஒருதடவை அந்த மூலையை மட்டும் கிழிச்சுப் போட்டாங்கன்னா பாத்துக்கோ.

"ம்."

அவனுக்குப் பேசி வச்ச பொண்ணு சண்முகக்கனி. மாமன் மக. ஊர்ல இருந்த ஒரே பல் டாக்டர்கிட்ட வேலை பாத்தா. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும், பல்லைக் கைக்குட்டையில முடிஞ்சுகிட்டு யாராவது ஒருத்தன் அங்க பெஞ்சுல வந்து உட்காருவான். பாத்துப் பாத்து அவளுக்கு வெறுத்துப்போச்சு. அப்போ ஒருநாள் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டா. பல்லுக்கு மாட்டுற உறை, மவுத் கார்டும்பாங்களே, அதைச் சுடுதண்ணில முக்கி எடுத்தா. "ஆ காட்டுங்க மச்சான். இப்போ கடிங்க."

நறுக். அவன் பல்லோட அச்சு அப்படியே பதிஞ்சுபோச்சு.

"இது உங்க வாய்க்கு மட்டும்தான். நிச்சயத்துக்கு முன்னால மூணு ஆட்டம் இருக்கு. இதை மாட்டாம ஆடிட்டு எங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தீங்க, நிச்சயம் கிடையாது. சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க."

"நீ குடுத்ததை மாட்டாம இருப்பேனா கனி?"ன்னான். ஈ.

அப்புறம் மொத ஆட்டம். போட்டோ புடிக்கிறவன் வந்துட்டான். உறையை மாட்டினா வாய் உப்பி, கடலை அதக்கின குரங்கு மாதிரி ஆயிருமே! எடுத்துக் காலுறைக்குள்ள சொருகிட்டான். கெண்டைக்கால்ல பல்லு முளைச்சிருந்தா ரொம்பப் பத்திரமா இருந்திருக்கும். பந்து வந்துச்சு, விர்ர்ர்ர்... உதட்டை உரசிட்டுப் போச்சு. உதடு இட்லியாட்டம் வீங்கிருச்சு.

"என்ன மச்சான் இது?"ன்னா கனி.

"குளவி கொட்டிருச்சு."

"குளவியும் ஹாக்கி ஆட வந்துச்சாக்கும்."

"ம்."

அப்புறம் ரெண்டாவது ஆட்டம். அந்த டீம்ல ஒரு வழக்கம் உண்டு. ஆளுங்க பதினஞ்சு, சாமான் பதினொரு செட்டு. அதனால வெளிய வர்றவன் மட்டை, முட்டுக்குக் கீழ கட்டுற பேடு, எல்லாத்தையும் கழட்டி உள்ள போறவன்கிட்ட குடுத்திரணும். அன்னைக்கு உதட்டுக்குப் பயந்து உறையை மாட்டித்தான் ஆடினான். மூச்சு வாங்குதுன்னு வெளிய வந்தான். உள்ள போற பூல்பாண்டி கையை நீட்டினான்.

"மட்டையைக் குடு. பேடைக் குடு. வாயில இருக்கிறதையும் குடு."

"லேய், இது எச்சிடா!"

"டீமுக்குள்ள என்னலே எச்சி? கேப்டன்னா தனிச் சட்டமா?"

எல்லாரும் பாத்தாங்க. கேப்டனுக்கு மானம் போச்சு, கழட்டிக் குடுத்துட்டான். பூல்பாண்டி தண்ணி பாக்கெட்டைக் கடிச்சு, புளிச்புளிச்னு கழுவி மாட்டினான். அவனுக்குப் பல்லா அது? கடப்பாரை. நறநறன்னு மென்னு திருப்பிக் குடுத்தப்போ யாரு வாய்க்கும் பொருந்தாம கோணிக்கிடந்துச்சு.

இப்போவாவது கனிகிட்டச் சொல்லலாம்ல? சொல்லல. தானே டாக்டர் ஆயிட்டான். திரும்ப அச்சு எடுத்துக்கலாம்னு டீக்கடை பாய்லர்ல போட்டு, கொதக் கொதக்னு கொதிக்க விட்டான். டீ மாஸ்டர் கரண்டியால அள்ளிப் பாத்து, "யாரு இஞ்சி போட்டது?"ன்னு நசுக்க உலக்கையைத் தூக்கிட்டாரு. பிடுங்கிப் பாத்தா, சுருண்டு, காஞ்ச கத்தரிக்கா வத்தல் மாதிரி ஆயிருந்துச்சு.

"ம்... ம்."

தூங்கிறாத, மூணாவது ஆட்டம் வருது. ஃபைனல். வாயில ஒண்ணுமில்ல. கனி கேட்டப்போ, "பத்திரமா இருக்கு"ன்னுட்டு வந்துட்டான். கடைசி நிமிஷம், எதிரிக்குப் பெனால்டி கார்னர். அப்போ கோல் கம்பத்துல இருந்து ஒருத்தன் பந்தை மறிக்க நேரா ஓடணும். கேப்டன்தான் ஓடினான். விர்ர்ர்ர்... டொக்! சோடியில ஒரு பல்லு தெறிச்சுப் புழுதியில விழுந்துருச்சு.

விசில் ஊதின நடுவர் விசிலைத் துப்பிட்டு ஓடி வந்தாரு. டீமே புழுதியில தவழ்ந்து தேடுச்சு. ஒருத்தன் வெள்ளைக் கல்லு கொண்டு வந்தான், ஒருத்தன் கடலைப் பருப்பு கொண்டு வந்தான். பூல்பாண்டிதான் நெசப் பல்லை எடுத்தான். எடுத்துச் சட்டையில தேய்க்கப் போனான்.

"வேரைத் தொடாதலே!" நடுவர் கத்தினாரு. "பாலுக்குள்ள போடு. அரை மணி நேரத்துல டாக்டர்கிட்ட போனா திரும்ப ஒட்ட வைக்கலாம். நேரம் ஆச்சுன்னா அது வெறும் எலும்பு."

டீக்கடையில இருந்து பச்சைப்பால் ஒரு டம்ளர் வந்துச்சு. பல்லு உள்ள முங்குச்சு.

பூல்பாண்டி பைக்கை உதைச்சுகிட்டே காதுல சொன்னான். "மச்சான், நம்ம ஊரு கிளினிக்குக்குப் போனா பல்லு பிழைக்கும், ஆனா கனி பெஞ்சுலதான் உட்காரணும். நிச்சயம் காலி. திருநெல்வேலிக்கு விட்டா ஒண்ணேகால் மணி நேரம். இந்தப் பல்லு போயிரும், ஆனா கட்டுப்பல்லு வச்சுக்கலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. குளவின்னு சொன்னவன்தான, இன்னொண்ணு சொல்லிக்கோ. எங்கலே விடணும், சொல்லு?"

வெயிலுமுத்து டம்ளரைப் பாத்தான். வாயைத் தொறந்தா ரத்தம். சிரிக்க வரல.

"கனிகிட்டயே விடு"ன்னான்.

பைக்கு டுர்ர்ர்னு போயிருச்சு, கதையும் அதுகூடவே போயிருச்சு. கண்ணை மூடு.